‘லவ் லெட்டர்’ (1995): சப்டைட்டில் போட்டவளிடம் கேளுங்கள்

ஷுன்ஜி இவாய் இயக்கிய இந்த ஜப்பானியப் படத்துக்கு எங்கள் சினிமா வட்டத்துக்காகத் தமிழ் சப்டைட்டில் போட்டேன். கதை முழுக்க இங்கே உடையும். பார்க்காதவர்கள் இப்பவே எழுந்து போயிடுங்க. பார்த்து மறந்தவர்களுக்கு மட்டும்: கோபே நகரத்து ஹிரோகோவின் வருங்காலக் கணவன் ஃபுஜீ இட்சுகி மலையேறப் போய் இறந்துவிட்டான். அவனுடைய பள்ளி மலரில் பார்த்த ஒதாரு ஊர் முகவரிக்குச் சும்மா ஒரு கடிதம் போடுகிறாள். பதில் வருகிறது. எழுதியது அதே பெயர் கொண்ட ஒரு பெண், அவனோடு படித்தவள்.

பனிப்பூனை: அக்கா, ரெண்டு பொண்ணும் ஒரே நடிகையா? பாதிப் படம் வரைக்கும் குழம்பிட்டேன்.

ஒரே ஆள்தான், மிஹோ நகயாமா. ஹிரோகோ மெதுவாக, விழுங்கி விழுங்கிப் பேசுவாள். ஒதாருப் பெண் தும்மிக்கொண்டே எரிந்து விழுவாள். போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால் குழப்பம் வராது. 2024 டிசம்பரில், 54 வயதில் அவர் இறந்த செய்தி வந்த அன்று எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

தூத்துக்குடிக்காரன்: எங்க பார்க்கலாம்? லிங்க் ப்ளீஸ்.

லிங்க் தர மாட்டேன். 1995, இவாய் என்று போட்டுத் தேடுங்கள், ஏனென்றால் இதே பெயரில் வேறு படங்களும் உண்டு. அமெரிக்காவில் ‘வென் ஐ க்ளோஸ் மை ஐஸ்’ என்ற பெயரில் வந்தது. ‘பத்தே நிமிஷத்தில் முழுக்கதை’ வீடியோவை மட்டும் தொடாதீங்க. புண்ணியமாப் போகும்.

எழுத்தாணி: கடைசியில, அவன் இறந்த பனிமலையைப் பார்த்து ஹிரோகோ கத்துகிற வசனத்தை எப்படித் தமிழில் போட்டீங்க?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஜப்பானியத்தில் அது ‘ஒகெங்கி தெஸ் கா? வதாஷி வா கெங்கி தெஸ்.’ இது மலையில் பிறந்த வசனம் இல்லை. முதல் கடிதத்தில் இருந்ததே இவ்வளவுதான். செத்தவனுக்கு எழுதுகிறவள் வேறென்ன எழுதுவாள்? நம் பழைய கடிதங்களின் ‘நலம், நலமறிய ஆவல்’ மாதிரி, அர்த்தம் தேய்ந்துபோன சம்பிரதாய வரி. அதுதான் கடைசியில் மலையில் உயிரோடு எழுந்து வருகிறது. அதனால் கடிதத்திலும் மலையிலும் ஒரே வாக்கியம் இருந்தாக வேண்டும்.

முதலில் ‘நலமா?’ என்று போட்டேன். அரசு அலுவலகக் கடிதம் மாதிரி இருந்தது. ‘நல்லா இருக்கியா?’ என்றால் காதலனுக்குப் பொருந்தும். ஆனால் அந்தக் கடிதம் போய்ச் சேருவது முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம். யாரோ ‘நீ, நான்’ என்று எழுதினால் அவள் பதிலா போடுவாள்? ‘நானும் நல்லா இருக்கேன், லேசா ஜலதோஷம்’ என்று அவள் எழுதுகிறாள், இவள் ஜலதோஷ மருந்து அனுப்புகிறாள். வாசல் திறந்ததே அந்த மரியாதையால்தான். மூன்று நாள் மண்டையை உடைத்து ‘சுகமா இருக்கீங்களா? நான் சுகமா இருக்கேன்’ என்று முடித்தேன். ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காத வாக்கியம். தமிழ் செய்த பேருதவி அது. இன்னொன்று: மலையில் அவள் ‘கா…’ என்று இழுக்கிறாள், எதிரொலி திரும்புகிறது. ‘இருக்கீங்களா…’வும் ஆகாரத்தில்தான் முடிகிறது. திரையில் உதடும் கீழே எழுத்தும் ஒன்றாகத் திறந்தபோது வட்டத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். எனக்கு அது போதும்.

கடலோரம்: சப்டைட்டிலில் ‘மூன்றாம் ஆண்டு நினைவு’ன்னு வருது. இறந்து ரெண்டு வருஷம்தானே? தப்பா?

தப்பில்லை. ஜப்பானில் இறந்த நாளையே ஒன்று என்று எண்ணுவார்கள். இரண்டு வருடம் முடிந்து செய்வதுதான் மூன்றாம் நினைவு.

நெல்லைச்சீமை: கோபே காட்சிகள் நிலநடுக்கத்துக்கு முன்னாடி எடுத்ததா?

ஆமாம். நிலநடுக்கம் 1995 ஜனவரி 17, படம் வெளியானது அதே வருடம் மார்ச்சில். ஆனால் கோபே என்று காட்டுவதில் பெரும்பகுதியும் ஒதாருப் பக்கமே எடுத்தது.

பைமூட்டை: ஒதாரு போகப்போறேன். அந்தப் பெண் இட்சுகியோட வீட்டைப் பார்க்க முடியுமா?

முடியாது. 2007-ல் எரிந்துபோனது.

மின்மினி: இது நம்மூர்ல 1996-ல பார்க்காமலே காதலிச்ச படத்தோட ஒரிஜினலா?

இல்லை. கடிதம் இருந்தால் எல்லாம் ஒரே கதை ஆகிவிடாது.

தூத்துக்குடிக்காரன்: டெலிகிராம்ல இருக்கா?

மேலே படிங்க தம்பி.

கோடைமழை: எல்லாரும் உருகுறீங்க. எனக்குக் கோபம்தான் வருது. பள்ளிக்கூடத்துல ஒருத்தியை விரும்பி, சொல்லாம ஊரை விட்டுப் போய், அதே முகம் இருக்கிற ஹிரோகோகிட்ட ‘பார்த்ததும் காதல்’னு சொல்லியிருக்கான். இது ஏமாத்து வேலை.

ஏமாற்ற அவனுக்கு வாய் இருந்தால்தானே? மலைமேல் மோதிரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறான், கடைசியில் ‘கல்யாணம் பண்ணிக்கோங்க’ என்று அவளே கேட்க வேண்டியிருக்கிறது. பள்ளியிலும் இதே கதைதான். மாறிப்போன ஆங்கில விடைத்தாளை வாங்க அவள் இருட்டில் சைக்கிள் ஸ்டாண்டில் காத்திருக்கிறாள். கையால் பெடலைச் சுற்றிச் சுற்றி டைனமோ விளக்கை எரிய வைக்கிறாள். அவனோ தாளைக் கொடுக்காமல் விடைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறான்! அந்த வெளிச்சத்தில் நிற்க வேண்டும், வேறொன்றுமில்லை. வாயைத் திறக்கத் தெரியாத ஜென்மம்.

ஒல்லிமீசை: பதினாலு வயசு ஈர்ப்பையெல்லாம் காதல்னு கணக்குல எடுக்கணுமா?

எடுக்க வேண்டாம் என்றால் படத்தில் மிச்சம் பனிதான்.

கோடைமழை: அக்கா, பேசத் தெரியாதவன்னு விட்டுடலாம். சாகும்போது என்ன பாடினான்? பள்ளத்திலிருந்து கேட்டது பாடகி மட்சுதா சேய்கோவோட 1980 பாட்டு. அவன் பள்ளிக்கூடக் காலத்துப் பாட்டு. கடைசி மூச்சுல ஹிரோகோ இல்லை.

அடி பலம்தான். இரவெல்லாம் யோசித்தேன். அந்தப் பாட்டைக் குளிரில் விழித்திருக்கப் பாடியதாக எடுத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கணக்கை மறுக்க முடியவில்லை. ஆனால் ஹிரோகோவே இதைக் கண்டுபிடிக்கிறாள் என்பதை விட்டுவிடாதீங்க. அவன் யாரும் தொடாத நூலகப் புத்தகங்களாகத் தேடி எடுத்து, பின்பக்கச் சீட்டில் முதல் ஆளாக ‘ஃபுஜீ இட்சுகி’ என்று எழுதினான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு இரவல் வாங்குகிறவர் பெயரைச் சீட்டில்தான் எழுத வேண்டும். விளையாட்டு என்றுதான் ஒதாருப் பெண் நினைத்திருந்தாள். எழுதியது அவன் பெயரா, உங்கள் பெயரா என்று கேட்பவள் ஹிரோகோ. தனக்கு வராத காதலை உரியவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்த தபால்காரி அவள். அவளுக்கு அநியாயம் நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். அவளைப் பாவம் என்று மட்டும் சொல்லாதீங்க.

வாடைக்காற்று: கொரியாவில் ஏன் இவ்வளவு பைத்தியம்?

அங்கே ஜப்பானியப் படங்களுக்குத் தடை இருந்தது, 1998-ல்தான் தளர்ந்தது. அதுவரை திருட்டு கேசட்டில் பார்த்த படம், 1999-ல் தியேட்டருக்கு வந்தது. ‘ஒகெங்கி தெஸ் கா’ ஜப்பானியம் தெரியாதவர்கள் வாயிலும் புழங்கியது. தேய்ந்த டேப்பில் பார்த்த பனியைப் பெரிய திரையில், நொபொரு ஷினோதாவின் கேமராவில் பார்த்திருப்பார்கள். வேறு காரணம் வேண்டுமா?

தூத்துக்குடிக்காரன்: தமிழ் டப்பிங்காவது?

…

கோடைமழை: மறுபடி பார்த்தேன் அக்கா. கடைசி சீன்ல நூலகப் பிள்ளைகள் பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரூஸ்டோட நாவலைக் கொண்டுவந்து சீட்டைத் திருப்பச் சொல்றாங்க. பின்னாடி அவளோட முகம், பென்சில்ல. ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி அவளையே திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கையில கொடுத்த புத்தகம்! அவ சீட்டை ஒளிச்சு வைக்கப் பாக்கெட்டைத் தேடறா, போட்டிருக்கிற துணியில பாக்கெட்டே இல்லை. கோபம் இன்னும் இருக்கு. ஆனா அந்த இடத்துல அழுதுட்டேன்.

அப்புறம் ஹிரோகோவுக்கு அவள் மனசுக்குள் எழுதுகிற வரியைக் கேட்டீங்களா? கூச்சமாக இருக்கிறது, இந்தக் கடிதத்தை மட்டும் அனுப்ப முடியாது என்கிறாள். அந்த ஒரு வரிக்கு ஏழு வடிவம் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் ஒன்றும் பிடிக்கவில்லை. ‘கூச்சமா’ என்பதா, ‘வெட்கமா’ என்பதா? நீங்க சொல்லுங்க.

கோடைமழை: கூச்சம். வெட்கம்னா அவன் எதிர்ல நிக்கணும்.

மாற்றிவிட்டேன்.