இடியனும் இரட்டைக்குழலும்: துடைக்க முன் பாருங்கள்

கேள்வி: ஐயா பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்த 12 போர் (குழல் வாயின் அளவு) இரட்டைக்குழல் துவக்கு, அவர் காலமான பிறகு முறைப்படி என் பெயருக்கு மாறியது. வருடாவருடம் புதுப்பித்து வருகிறேன். போன மாதம் பழைய நெல்லறையைப் பிரித்தபோது சாக்கில் சுற்றிய ஓர் இடியன் துவக்கும் வந்தது. அது வன்னி மன்னன் பண்டார வன்னியனின் படையில் இருந்தது என்று அப்பப்பா சொல்வாராம். பழைய துவக்குகளைச் சேர்த்து அவற்றின் வரலாற்றை எழுதிவைக்க எனக்கு ஆசை. இரண்டையும் துருப்போகத் தேய்த்து மினுக்கிச் சுவரில் மாட்டலாமா? இரட்டைக்குழலின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? காணி துப்புரவாக்கும்போது மண்ணில் வரும் சன்னங்களையும் துண்டுகளையும் சேர்த்து வைக்கலாமா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: இடியனில் தொடங்குகிறோம், அவசரம் அங்கேதான் இருக்கிறது. இதற்குள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். இனித் தொடாதீர்கள். இடியன் போல, குழல் வாய் வழியே வெடிமருந்து போட்டு இடித்து இறுக்கும் துவக்கை வெறுமையாக்கச் சுலபமான வழி அதைச் சுட்டுவிடுவதுதான். பன்றிக்கென்று இடித்து வைத்தவர், பன்றி வராத இரவில் அதை அப்படியே மூலையில் சாத்திவிட்டுப் படுத்திருப்பார். அடுத்த நாளும் பன்றி வந்திராது. பரணிலும் நெல்லறையிலும் கிடந்து வரும் இடியன்களை மருந்தோடு இருப்பவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் பற்றும்.

தெரிந்தவர்கள் அதைச் சோதிப்பது இப்படி: வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் மெல்ல விட்டு, அது போய் நிற்கும்போது வாயோரத்தில் குச்சியில் அடையாளம் போடுவார்கள். பிறகு அதே குச்சியைக் குழலின் வெளிப்பக்கத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். குச்சியின் நுனி நெருப்புத் துளை வரை வர வேண்டும். இரண்டு விரற்கடை முன்னே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. மருந்தாகவும் இருக்கலாம், குளவி கட்டிய மண்கூடாகவும் இருக்கலாம். இரும்புக் கம்பியால் குத்துவதும், சூடு காட்டுவதும், பின்பக்கத்தைக் கழற்றப் பார்ப்பதும் கை போகும் வேலைகள். இந்தச் சோதனையையும் நீங்கள் செய்ய வேண்டாம். ஒப்படைக்கும்போது “உள்ளே மருந்து இருக்கக்கூடும்” என்று சொல்லிவிடுங்கள், போதும்.

ஆம், ஒப்படைக்கத்தான் வேண்டும். உங்கள் அனுமதிப்பத்திரம் அதில் இலக்கம் எழுதிய அந்த ஒரு துவக்குக்கு மட்டுமே. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் இடியனும் சுடுகலன்தான். பழசு என்பதால் விலக்குக் கிடைக்காது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் எழுதுவதைப் படித்துப் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 வரை செய்த துவக்குகள் பழம்பொருள் என்று தனியாக நிற்கின்றன. அந்தக் கணக்கு முல்லைத்தீவுக்கு ஆகாது.

சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பொலிசுக்குப் புறப்படாதீர்கள். வழியில் மறித்தால் ஒப்படைக்கத்தான் போகிறேன் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? கிராம அலுவலரிடம் சொல்லி, கண்டெடுத்த நாளையும் இடத்தையும் கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். பொலிசார் வந்து எடுத்துப் போகட்டும். பற்றுச்சீட்டில் “பழைய துவக்கு 1” என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள். முழு நீளம், குழலின் நீளம், பொறி (மருந்தைப் பற்றவைக்கும் இயந்திரப் பகுதி) எந்தப் பக்கம், கட்டையில் உள்ள வெடிப்பு, ஏதேனும் எழுத்து இருந்தால் அது, எல்லாம் பதிவாக வேண்டும். அழிக்காமல் பாதுகாக்கும்படி கேட்பதென்றால் அதே நாளில் மாவட்டச் செயலகத்துக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் பொருள் எங்கே போனதென்று தேடுவதிலேயே காலம் போகும்.

அப்பப்பாவின் கதையைச் சரிபார்க்க துவக்கைத் தொடவும் தேவையில்லை. பொறியைக் கண்ணால் பார்த்தாலே போதும். குதிரை (விசையை இழுத்ததும் விழும் சுத்தியல்) வந்து அடிக்கும் இடத்தில், கேப் (அடித்தால் வெடிக்கும் மருந்து வைத்த சிறு தொப்பி) செருகுவதற்கு முலை போன்ற சிறு குமிழ் நிற்கிறதா? அல்லது குதிரையின் தாடையில் கல் பிடித்து, எதிரே மருந்துக் கிண்ணமும் உருக்குத் தகடும் இருக்கின்றனவா? பண்டார வன்னியன் தோற்றதாக, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் உள்ள நடுகல் சொல்லும் ஆண்டு 1803. அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துவக்கைப் பற்றவைக்கும் முறைக்கு ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் காப்புரிமை பெற்றது 1807இல். செப்புக் கேப் பரவியது அதற்கும் பிந்தி. ஆகவே குமிழ் இருந்தால், இன்றைய உருவில் அது பண்டார வன்னியன் காலத்தது அல்ல. கல்பொறியைப் பிறகு கேப் பொறியாக மாற்றிய துவக்குகளும் உண்டு. அப்படியானால் பழைய கிண்ணம் இருந்த இடத்தில் அடைத்த துளையோ பொருந்தாத ஆணியோ தெரியும். கண்டிப் பகுதியில் செய்த பழைய துவக்குகளில் பொறி பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும், கட்டையின் அடி இரண்டாகப் பிரிந்திருக்கும். துவக்கை உரியவர்கள் வெறுமையாக்கிய பிறகு பார்க்கும்போது, குழல் வாயின் உட்புறத்தில் நேர்கோடாக ஒட்டுத் தழும்பு ஓடினால் அது தண்ணீர்க் குழாய். கதை அங்கே முடிந்தது. ஆனால் வன்னிக் கமக்காரன் தன் பயிரைக் காத்த கருவி என்ற வகையில் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. இல்லாத வரலாற்றை ஏற்றி அதை மறைக்க வேண்டாம்.

இனி இரட்டைக்குழல். மடித்து, தோட்டா உட்காரும் இரு அறைகளும் வெறுமையா என்று பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். முன்கட்டையை எடுத்துக் குழலைப் பிரித்துக் கவிழ்த்தால், அறைகளுக்குக் கீழே தட்டையான பகுதியில் சிறு முத்திரைகள் இருக்கும். உங்கள் துவக்கின் பிறப்புச் சான்றிதழ் அதுதான். மேலே இரு குழல்களையும் இணைக்கும் பட்டியில் பெரிதாக வெட்டிய கடைப்பெயரை நம்பி வயது சொல்லக் கூடாது. விற்றவர் பெயராகவும் இருக்கும்.

குழல்களைச் சோதித்து முத்திரை குத்தும் இங்கிலாந்தின் பெர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் தொடங்கியது. கிரீடத்தின் கீழே இரண்டு செங்கோல்கள் குறுக்காகக் கிடக்கும் முத்திரை 1904க்கு முந்தியது. கிரீடத்தின் கீழ் ஆங்கிலத்தில் பிபி, பிவி, என்பி என்ற எழுத்துகள் இருந்தால் அதற்குப் பிந்தியது. அறையின் நீளம் 2½ என்று அங்குலத்தில் வெட்டியிருந்தால் 1925 அல்லது அதன் பின். அழுத்தம் டன் கணக்கில் இருந்தால் 1954க்குப் பிறகு. நீள்வட்டத்துக்குள் ஈஎல்ஜி என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். அதன் மேல் கிரீடமும் இருந்தால் 1893க்குப் பிந்தியது. வெளியே குதிரை தெரிவதை வைத்து மட்டும் மிகப் பழசு என்று முடிவுகட்ட வேண்டாம். உள்ளே குதிரை வைத்த அன்சன்–டீலி பொறி 1875இலேயே வந்துவிட்டாலும் வெளிக்குதிரைத் துவக்குகளை இருபதாம் நூற்றாண்டிலும் செய்தார்கள். 12 போர் என்பதில் 12 எதைக் குறிக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை கொள்ளும் வாய், ஏறத்தாழ 18.5 மி.மீ.

அந்த 2½ வெறும் வயதுக் குறிப்பு அல்ல. 2½ அங்குலம் என்றால் 65 மி.மீ. அறை. இன்று சாதாரணமாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. அது 65 அறைக்குள் ஒரு தடங்கலும் இல்லாமல் போய் உட்காரும், துவக்கும் பூட்டிக்கொள்ளும். ஆபத்தும் அதில்தான். பெட்டியில் எழுதிய 70, சுட்டு மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது குட்டையாக நிற்கிறது. சுடும்போது வாய் விரிந்து, அறைக்கு முன்னே குழல் ஒடுங்கும் இடத்துக்குள் நுழைந்து வழியை நெருக்குகிறது. பின்னால் அழுத்தம் ஏறுகிறது. ஒரு தடவை தாங்கும், பத்துத் தடவை தாங்கும், பிறகு பூட்டு தளரும் அல்லது அறை வெடிக்கும்.

குழலில் பாயின் பின்னல் போல, தண்ணீரில் ஒயில் மிதப்பது போலச் சுருள்கோடு தெரிந்தால் அது டமாஸ்கஸ். இரும்பும் உருக்கும் முறுக்கிச் சுற்றி ஒட்டிய குழல். பார்க்க அதைவிட அழகான குழல் இல்லை என்போம். என்பி போல, புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை இல்லாத எந்தப் பழைய ஆங்கிலத் துவக்கிலும் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டா போடக் கூடாது. அந்த முத்திரை இருந்தாலும் அது சோதித்த நாளில் இருந்த குழலுக்கே சாட்சி, எண்பது வருடத் துரு தின்ற பிறகு உள்ள குழலுக்கு அல்ல.

குழலின் நலத்தை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். பிரித்த குழலைக் கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு விரல் மொழியால் தட்டுங்கள். மணி போல இழுத்து ஒலித்தால் பட்டிகளின் ஈய ஒட்டு உறுதி. ‘தொப்’ என்றால் எங்கோ விட்டிருக்கிறது, உள்ளே ஈரம் புகுகிறது. பிறகு குழலைச் சன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பாருங்கள். ஒழுங்கான வட்ட நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒரு வளையம் மட்டும் தடித்துத் தெரிந்தால் குழல் அங்கே உப்பியிருக்கிறது. அந்தத் துவக்கால் இனிச் சுட வேண்டாம். வெறுமையாக வைத்து விசையை இழுத்து ‘டக்’ பார்ப்பதும் வேண்டாம், பழைய ஊசி முறியும்.

மினுக்கலாமா என்று கேட்டீர்கள். மினுக்கக் கூடாது. பழுப்பு நிறத்தில் வழவழப்பாக ஒட்டிக் கிடப்பது அடங்கிய துரு. அது மேல்தோல், அதை விடுங்கள். விரலில் செம்பொடியாக வருவதுதான் தின்னும் துரு. அந்த இடத்தில் மட்டும் தையல் மெசின் ஒயில் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, மிக மெல்லிய, நான்கு சுழிய இரும்பு நாரால், எழுத்துகளைத் தவிர்த்து மெதுவாக உரசித் துணியால் துடையுங்கள். மண்கடதாசி, சுழலும் கம்பித் தூரிகை, தேசிக்காய்ப்புளி, வினாகிரி, கடையில் விற்கும் துருநீக்கி எதுவும் கிட்ட வரக் கூடாது. அமிலம் துருவோடு நிறத்தையும் தின்றுவிடும், டமாஸ்கஸ் கோலத்தையும் கெடுக்கும். ஒரு மணித்தியாலத்தில் தேய்ந்துபோன முத்திரையை யாராலும் திருப்பி வெட்ட முடியாது.

நம்மூர் வழக்கமான தேங்காய் எண்ணெய் சில மாதத்தில் பிசினாகிப் பொறியை இறுக்கும். வாகனத்தில் வடித்த கழிவு ஒயிலில் அமிலமும் நீரும் உண்டு, காக்க வேண்டியதே துருவை வளர்க்கும். கட்டை காய்ந்திருந்தால் லின்சீட் ஒயில் இரண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்துப் பூசினால் போதும். ஒயில் போட்ட பிறகு துவக்கை வாய் கீழாக நிறுத்தி வையுங்கள். வாய் மேலே இருந்தால் ஒயில் பின்னே வடிந்து கட்டையின் தலையில் ஊறி மரத்தை மெதுமெதுவென்று ஆக்கிவிடும். சாக்கு, பொலித்தீன், தோலுறை மூன்றும் ஈரம் பிடிப்பவை. சுவரில் மாட்டுவது இரு விதத்தில் பிழை: மாரியில் சுவர் வியர்க்கும், அனுமதிப்பத்திரக்காரர் துவக்கைப் பூட்டி வைக்க வேண்டியவர். பூட்டிய பெட்டகத்தில் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். ஐப்பசியிலிருந்து தை வரை இரண்டு கிழமைக்கொரு முறை, மற்றக் காலத்தில் மாதமொரு முறை துடைத்துப் பாருங்கள்.

மண்ணில் வரும் சன்னமும் துண்டும்: சேர்க்க வேண்டாம், பொறுக்கவும் வேண்டாம். துருப்பிடித்த உருண்டையில் எது வெறும் இரும்பு, எது கைக்குண்டு என்று வல்லுநர்களே கையால் தொட்டுச் சொல்வதில்லை. கண்ட இடத்தில் நின்று, வந்த அடியிலேயே திரும்பி, நிலத்தைக் குத்தாமல் தூரத்தில் அடையாளம் வைத்துப் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவுக்கோ சொல்லுங்கள். நவீன ஆயுதத்தின் ஒரு பாகம் வீட்டில் இருந்தாலே வழக்கு. நினைவுப்பொருள் என்ற விளக்கம் எடுபடாது.

சேர்க்கும் ஆசைக்கு வேறு வழி உண்டு. 2023இல் நெதர்லாந்து கொழும்புக்குத் திருப்பித் தந்த ஆறு பொருட்களில் கண்டிப் பிரதானி லெவ்கே திசாவையின் பீரங்கியும் ஒன்று. 1765இல் கண்டியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டது என்று கடதாசியைத் தேடி நிறுவியதால்தான் அது வீடு திரும்பியது. உங்களிடமும் கடதாசி இருக்கும்: ஐயாவின் பழைய அனுமதிப்பத்திரங்கள், கச்சேரி முத்திரை பதித்த ரசீதுகள், தோட்டாப் பெட்டியின் மட்டை. அவற்றை ஆண்டு வரிசையில் வையுங்கள். ஊரில் இடியன் கட்டிய கொல்லர் யார், பரண் எங்கே இருந்தது, எந்தக் குளக்கட்டில் காவல் என்று முதியவர்கள் சொல்வதை எழுதுங்கள்.

இரட்டைக்குழலின் முத்திரைகளைப் படமெடுக்கும்போது வெளிச்சத்தை நேராகப் பிடித்தால் எல்லாம் வெள்ளையாகிவிடும். ரோச் லைற்றைக் குழலோடு ஒட்டித் தாழப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலோடு எழும். அந்தப் படத்தை எங்களுக்கு அனுப்புங்கள், துவக்கின் இலக்கத்தை மட்டும் ஒரு கடதாசித் துண்டால் மறைத்து.