ரீகாம்பினன்ட் ஈ-கேடெரின் என்றால் என்ன?
தோல், குடல் உட்சுவர் போன்ற இடங்களில் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் புரதம்தான் ஈ-கேடெரின். செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் 5 பகுதிகளுக்கு இடையே கால்சியம் போய் உட்கார்ந்தால்தான், கஞ்சி போட்ட வேட்டி மாதிரி அது விறைப்பாக நின்று பக்கத்துச் செல்லின் கேடெரினைப் பிடிக்கும். கால்சியத்தை எடுத்தால் துவண்டு, பிடி விட்டுவிடும். அதனால் ஆய்வகத்தில் இதைக் கையாளும்போது முதலில் பஃபரில், அதாவது புரதம் கரைந்திருக்கும் கரைசலில், கால்சியம் இருக்கிறதா என்று பாருங்கள், புரதத்தைக் குறை சொல்வதெல்லாம் அப்புறம்.

சரி, ரீகாம்பினன்ட்? ஈ-கேடெரினுக்கான ஜீனை ஆய்வகத்தில் வளரும் வேறு செல்லுக்குள், உதாரணமாக மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கிய ஹெச்ஈகே 293 என்ற செல்லுக்குள், வைத்துப் புரதத்தைச் செய்யவைத்துச் சுத்திகரித்து எடுப்பது. தட்டில் பூசி, செல்கள் எப்படி ஒட்டுகின்றன என்று பார்க்கலாம்.

ரீகாம்பினன்ட் என்றதும் ரசாயனத்தில் செய்த போலிப் புரதம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இதையும் உயிருள்ள செல்தான் செய்கிறது.