வட்டம் ஏன் வரவில்லை? ஓப்பன்சிவி வரைதல் கேள்வி பதில்

பைத்தானில் ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நூலகத்தை வைத்துப் படத்தின் மேல் வரைவது பற்றிய கேள்விகள் இவை. வரையும் வரிக்கு முன்னால் படத்தின் ஷேப் (அளவு), டிடைப் (எண்களின் வகை) இரண்டையும் பிரிண்ட் செய்து பாருங்கள். பல கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். ஷேப் கேட்டதுமே 'நன்டைப்' என்று எரர் வந்தால் கோப்பைப் படிக்கும் ஐஎம்ரீட் படத்தைத் திறக்கவே இல்லை என்று பொருள். பாதை தவறாக இருந்தால் அது நின்றுவிடாது, வெறும் 'நன்' (None, ஒன்றுமில்லை) கொடுத்துவிட்டுப் போய்விடும்.

கேள்வி: சிவப்பு வேண்டும் என்று (255, 0, 0) கொடுத்தேன். நீலமாக வருகிறதே?

பதில்: இங்கே வரிசை நீலம், பச்சை, சிவப்பு. (0, 0, 255) கொடுங்கள்.

கேள்வி: அகலம்/2, உயரம்/2 என்று மையம் கணக்கிட்டு வட்டம் போட்டால், 'சென்டர்' மதிப்பைப் பார்ஸ் செய்ய முடியவில்லை என்று எரர். பிறகு எண்களை நேரடியாகக் கொடுத்தேன். எரர் போய்விட்டது, ஆனால் வட்டத்தையும் காணோம்.

பதில்: இரண்டு தனித்தனிப் பிழைகள். பைத்தான் 3-இல் 640/2 என்றால் 320.0, அதாவது தசம எண். சர்க்கிள் முழு எண்தான் வாங்கும். 640//2 என்று எழுதுங்கள். மோமென்ட்ஸ் (உருவத்தின் மையம் காண உதவும் கணக்கு) மாதிரி இடங்களிலிருந்து தசமமாகவே வரும் மதிப்பை ரவுண்ட் செய்து இன்ட் ஆக்குங்கள்.

வட்டம் காணாமல் போனது வரிசைக் குழப்பத்தால். ஷேப் (480, 640, 3) என்று உயரத்தை முதலில் சொல்லும். ஒரு பிக்சலை எடுக்கும்போதும் படம்[y, x]. ஆனால் வரையும் ஃபங்ஷன்கள் எல்லாம் (x, y) கேட்கும். 100-ஆவது வரிசை, 600-ஆவது நெடுவரிசை என்று நினைத்து (100, 600) கொடுத்தால் y = 600 ஆகிவிடும். படத்தின் உயரமே 480. வெளியே விழுந்ததை ஓப்பன்சிவி எரர் சொல்லாமல் வெட்டிவிடும். சரியானது (600, 100).

கேள்வி: கேனி (விளிம்பு கண்டறிதல்) செய்த படத்தில் பச்சைப் பெட்டி போட்டேன். ஒன்றும் தெரியவில்லை.

பதில்: அது ஒரே சேனல் (நிற அடுக்கு) உள்ள படம். நிறத்தில் முதல் எண்ணை மட்டும் எடுக்கும். (0, 255, 0)-இல் முதல் எண் 0, ஆகவே கறுப்பின் மேல் கறுப்பு. நிற வகையை மாற்றும் சிவிடிகலரில் கிரே-டு-பிஜிஆர் (சாம்பலிலிருந்து நீலம்-பச்சை-சிவப்புக்கு) போட்டுவிட்டு வரையுங்கள்.

கேள்வி: நம்பை (எண் அணி நூலகம்) தரும் என்பி.ஸீரோஸ் வைத்து வெற்றுப் பலகை உருவாக்கி (127, 127, 127) சாம்பல் நிறம் போட்டேன். திரையில் பளிச்சென்று வெள்ளை. சேமித்த கோப்பில் மட்டும் சாம்பல். எது சரி?

பதில்: நல்ல கேள்வி. டிடைப் சொல்லாவிட்டால் ஸீரோஸ் ஃப்ளோட்64 (தசம எண்) வகை கொடுக்கும். ஃப்ளோட் படத்தைத் திரையில் காட்டும் ஐஎம்ஷோ 0 முதல் 1 வரை என்று எடுத்துக்கொண்டு 255-ஆல் பெருக்கிக் காட்டும். ஆகவே 1-க்கு மேல் எதுவும் முழு வெள்ளைதான். கோப்பில் சேமிக்கும் ஐஎம்ரைட் அப்படிப் பெருக்காது, 127-ஐ 127 ஆகவே எட்டு பிட்டுக்கு மாற்றி எழுதும். ஸீரோஸுக்குள் டிடைப் யூஇன்ட்8 (எட்டு பிட் முழு எண்) என்று சேருங்கள், இரண்டும் ஒத்துப்போகும்.

கேள்வி: போலிலைன்ஸில் முக்கோணம் கேட்டால் மூன்று புள்ளிகள் மட்டும் வருகின்றன.

பதில்: புள்ளி அணியைச் சதுர அடைப்புக்குள் வையுங்கள்: [புள்ளிகள்]. அந்த ஃபங்ஷன் பல உருவங்களின் பட்டியலை எதிர்பார்க்கிறது. அடைப்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு புள்ளியையும் தனி உருவமாக எடுத்துக்கொள்ளும். டிராகான்டூர்ஸில் ஒரே ஒரு கான்டூரை (உருவத்தின் எல்லைக்கோட்டை) கொடுக்கும்போதும் இதே கதைதான். அணியின் வகை இன்ட்32 ஆக இருக்கட்டும்.

கேள்வி: மவுஸால் பெட்டியை இழுக்கும்போது பழைய பெட்டிகள் அழியாமல் குவிகின்றன.

பதில்: வரைவது அந்தப் படத்தையே மாற்றிவிடும். மவுஸ் நகரும் ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்து புதிதாக .காப்பி() எடுத்து அதில் வரையுங்கள். 'புதியது = மூலம்' என்பது நகல் அல்ல, ஒரே படத்துக்கு இரண்டாவது பெயர்.

கேள்வி: புட்டெக்ஸ்டில் தமிழ் எழுதினால் கேள்விக்குறிகளாக வருகிறது. பில்லோ என்ற இன்னொரு பட நூலகத்துக்கு மாறினேன், 'கெ' எழுதினால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

பதில்: ஓப்பன்சிவியின் 4-ஆம் பதிப்பு வரை புட்டெக்ஸ்டில் உள்ளவை ஹெர்ஷி எழுத்துருக்கள்; தமிழ் அவற்றில் இல்லை. பில்லோவுக்கு மாறியது சரியான வழிதான்.

கொம்பு இடம் மாறுவதற்கு எழுத்துரு காரணமல்ல. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு என்றே சேமிக்கப்படுகிறது. திரையில் இடம் மாற்றுவது வடிவமைப்பு இயந்திரத்தின் வேலை. பில்லோவின் அடிப்படை இயந்திரம் அதைச் செய்யாது, ராக்ம் என்ற இயந்திரம் செய்யும். பில்லோவின் ஃபீச்சர்ஸ்.செக்('ராக்ம்') ட்ரூ தருகிறதா பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் ராக்முக்குத் தேவையான ஃப்ரிபிடி நூலகம் கணினியில் இல்லை. விண்டோஸில் அந்த டிஎல்எல் கோப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

ராக்ம் கிடைத்தபின், படத்தை ஆர்ஜிபிக்கு மாற்றி பில்லோ படமாக்குங்கள். தமிழ் எழுத்துரு ஒன்றின் டிடிஎஃப் கோப்பைத் திறந்து எழுதுங்கள். பிறகு நம்பை அணியாக்கி பிஜிஆருக்குத் திரும்புங்கள். அப்படித் திரும்பும்போது சிவிடிகலரையே பயன்படுத்துங்கள். [:, :, ::-1] என்று புரட்டினால் அடுத்து வரையும்போது 'லேஅவுட் ஒத்துப்போகவில்லை' என்று எரர் வரும். அப்படித்தான் புரட்டியாக வேண்டுமென்றால் பின்னாலேயே ஒரு .காப்பி() போடுங்கள்.

புட்டெக்ஸ்டுக்குக் கொடுக்கும் புள்ளி எழுத்தின் கீழ் இடது மூலை, பில்லோவில் மேல் இடது மூலை. பழைய எண்களை அப்படியே விட்டால் எழுத்து ஒரு வரி கீழே இறங்கி நிற்கும்.