பிரிட்டிஷ் ரேடியோ நகைச்சுவையை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

“நடிகர்களின் முகமே தெரியாமல், வெறும் குரலை வைத்து அரை மணி நேரம் எப்படிச் சிரிக்க முடியும்? பிபிசியின் பழைய ரேடியோ நகைச்சுவைத் தொடர்களை இப்போது கேட்கலாமா, எதிலிருந்து தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். ‘ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்’ தொடரில் 1958 ஏப்ரலில் ஒலிபரப்பான ‘சண்டே ஆஃப்டர்நூன் அட் ஹோம்’ என்ற பகுதியை முதலில் கேளுங்கள். ஏன் என்பதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வேலைக்காக இங்கிலாந்து வந்த புதிதில் ஒரு பாட்டியம்மா வீட்டில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே சமையலறை ரேடியோவில் பழைய நிகழ்ச்சிகளைக் கேட்பார். தனியாகச் சிரிப்பார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் அந்தக் காட்சி மட்டும் ரொம்பப் பழக்கமானதாகத் தெரிந்தது. சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் ரேடியோவில் ஒலிச்சித்திரம் வைத்துவிட்டு அம்மா வேலை பார்ப்பார். பார்க்காத படத்தைப் பார்த்தவர்கள் மாதிரி நாங்கள் மறுநாள் பள்ளிக்கூடத்தில் கதை பேசுவோம். அதனால் “குரலை மட்டும் கேட்டு எப்படி” என்ற கேள்வி எனக்கு வரவில்லை. “இதில் என்ன அவ்வளவு சிரிப்பு” என்றுதான் கேட்டேன். அந்தப் பாட்டியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து எனக்குப் போட்டுக் காட்டியது இந்தப் பகுதிதான்.

அதில் கதை என்று எதுவும் இல்லை. 1950களின் இங்கிலாந்து. ஞாயிறு மதியம், மழை. கடைகள் இல்லை, மதுக்கடையும் 2 மணிக்கு மூடிவிடும். டோனி ஹான்காக், சிட் ஜேம்ஸ், பில் கெர், ஹாட்டி ஜாக்ஸ் நான்கு பேரும் ஒரு வீட்டுக்குள் பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். ஹான்காக் கொட்டாவி விடுகிறார். பெருமூச்சு விடுகிறார். மணி என்ன என்று கேட்கிறார். இரண்டு என்கிறார் பில் கெர். அவ்வளவுதானா என்று மறுபடி பெருமூச்சு. ஹாட்டி ஜாக்ஸ் சமைத்த சாப்பாட்டைப் பற்றி ஒரு புலம்பல் வருகிறது: என் அம்மாவும் மோசமாகத்தான் சமைப்பார், ஆனால் அவர் வைத்த கிரேவியாவது தட்டில் நகரும், உன்னுடையது அப்படியே கிடந்து உறைந்துபோகிறது. அப்புறம் மறுபடி அமைதி.

அந்த அமைதியைக் கவனியுங்கள். ரேடியோவில் சில நொடி சத்தமில்லாமல் போனால் பெட்டி கெட்டுவிட்டதோ என்றுதான் கேட்பவர் நினைப்பார். அதைத் தெரிந்துகொண்டே அவர்கள் சும்மா இருக்கிறார்கள். அரங்கில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் ஒரு வசனமும் இல்லாத இடத்தில் மெல்லச் சிரிக்கத் தொடங்குகிறது. ஹான்காக்கின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நாம்தான் வரைந்துகொள்கிறோம். நான் வரைந்த முகம் எங்கள் பெரியப்பாவுடையது. மின்சாரம் போன மதிய வேளையில் அவரும் இப்படித்தான் ஊஞ்சலில் கிடப்பார்.

இதை எழுதிய ரே கால்டனும் ஆலன் சிம்சனும் இளவயதில் காசநோய் வந்து, சர்ரே பகுதியிலுள்ள மில்ஃபோர்ட் சானடோரியத்தில் 1948-இல் சந்தித்தவர்கள். அங்கே நோயாளிகளுக்காக நடந்த உள்ரேடியோவுக்குத்தான் முதலில் சேர்ந்து எழுதினார்கள். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்களுக்குப் போகாத பொழுது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வார்டும் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். அதுவரை ரேடியோ நகைச்சுவை என்றால் நடுநடுவே பாட்டு, வாராவாரம் திரும்ப வரும் ஒரே பஞ்ச் வசனம், வேடிக்கைக் குரல் என்று இருந்தது. 1954 நவம்பரில் ஹான்காக்குடன் தொடங்கியபோது இதையெல்லாம் விட்டுவிட்டு, அரை மணி நேரம் ஒரு மனிதனின் சுபாவத்தை மட்டும் நம்பி எழுத வேண்டும் என்பதுதான் இவர்களின் ஆசை.

1955-இல் இரண்டாவது வரிசை தொடங்கும்போது ஹான்காக் திடீரென்று வெளிநாடு போய்விட்டார். முதல் மூன்று பகுதிகளில் ஹாரி சீகம்ப் அவருக்குப் பதிலாக நடித்தார். நான்காவதில் ஹான்காக் திரும்பி வந்து, நன்றி சொல்ல சீகம்பைத் தேடி வேல்ஸில் உள்ள ஸ்வான்சீக்குப் போகிறார். நிஜத்தில் நடந்ததையே கதையாக்கிவிட்டார்கள்.

சரி, முகம் தெரியாததைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நீங்கள் குறை என்று நினைப்பதில்தான் இந்த நடிகர்களின் சுதந்திரமே இருந்தது. ‘டேக் இட் ஃப்ரம் ஹியர்’ நிகழ்ச்சியில் 1953 முதல் ‘தி க்ளம்ஸ்’ என்று ஒரு குடும்பம் வந்தது. ஜிம்மி எட்வர்ட்ஸ் அப்பா, டிக் பென்ட்லி மகன் ரான், ஜூன் விட்ஃபீல்ட் அந்த மகனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் எத். கல்யாணம் மட்டும் நடந்தபாடில்லை. இதில் அப்பாவாக நடித்தவரைவிட மகனாக நடித்தவர் 13 வயது மூத்தவர்! கேட்ட லட்சக்கணக்கான பேரில் யாருக்கும் அது உறுத்தவில்லை. பென்ட்லியின் குரலில் இருந்த அந்த மந்தமான சோம்பலே ரானுக்கு வயதையும் உடம்பையும் கொடுத்துவிட்டது. ரானின் அம்மாவுக்கோ வசனமே கிடையாது. மாடியிலிருந்து முனகலும் முட்டல் மோதலும் மட்டும் கேட்கும். ஒரு வார்த்தை பேசாத அந்தப் பெண்மணியை நாடே அறிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘எஜுகேட்டிங் ஆர்ச்சி’ என்று 1950 முதல் 1958 வரை ஒரு தொடர். அதன் நாயகன் ஒரு மரப்பொம்மை. பீட்டர் ப்ரஃப் என்பவர் உதடு அசையாமல் பொம்மைக்குப் பேசுவார். உதடு அசைகிறதா இல்லையா என்று யாராலும் பார்க்க முடியாத ரேடியோவில்! ஆனாலும் குழந்தைகளுக்கு ஆர்ச்சி உயிருள்ள பையன். ஹான்காக், ஹாட்டி ஜாக்ஸ், சிறுமியாக இருந்த ஜூலி ஆண்ட்ரூஸ் எல்லோரும் அந்த மரப்பையனுடன் நடித்தவர்கள்.

அடுத்தது ‘தி கூன் ஷோ’, 1951 முதல் 1960 வரை. ஸ்பைக் மில்லிகன், பீட்டர் செல்லர்ஸ், ஹாரி சீகம்ப். மில்லிகன் 1918-இல் நம் அகமத்நகரில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார், பிள்ளைப்பருவம் பூனாவிலும் ரங்கூனிலும் கழிந்தது. பெரும்பாலான எழுத்து அவருடையதுதான். வாராவாரம் எழுதியே ஆக வேண்டிய அந்தச் சுமையில் 1952 கடைசியில் மனநிலை குலைந்து மருத்துவமனையில் கிடந்தார். அவர் எழுதிய சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கூன் ஷோவில் ரேடியோவுக்கு வெளியே செல்லவே செல்லாத நகைச்சுவை நிறைய உண்டு. செல்லர்ஸ் பேசும் ப்ளூபாட்டில் என்ற சிறுவன், ஸ்கிரிப்ட்டில் நடிகருக்காக எழுதியிருக்கும் குறிப்புகளையும் சேர்த்தே வாசித்துவிடுவான். உள்ளே வருகிறேன், கைதட்டலுக்காகக் காத்திருக்கிறேன் என்று அவனே அறிவிப்பான். 1957-இல் வந்த ஒரு பகுதியில் மில்லிகன் பேசும் எக்கிள்ஸிடம் அவன் மணி கேட்பான். காலையில் ஒரு நல்ல மனிதர் காகிதத்தில் மணியை எழுதித் தந்தார், எட்டு மணி, யார் கேட்டாலும் இதைக் காட்டுவேன் என்பான் எக்கிள்ஸ். மணி எட்டாக இல்லாவிட்டால்? அப்போது காட்டமாட்டேன்! ஹான்காக் மணி கேட்பதையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே கேள்வி, இரண்டு உலகம். கூன் ஷோவுக்குப் பின்னணி ஒலிகளே பெரிய பலம். மேஜர் ப்ளட்னாக் என்ற பாத்திரத்தின் வயிறு கலங்கும் ஒலியை, 1958-இல் புதிதாகத் தொடங்கிய பிபிசி ரேடியோஃபோனிக் ஒர்க்ஷாப் என்ற ஒலிப்பிரிவு தனியாக உருவாக்கியது.

ஒரு விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கூன் ஷோவில் லால்காகா, பானர்ஜி என்று இரண்டு இந்தியர்கள் வருவார்கள். மில்லிகனும் செல்லர்ஸும் பேசும் அந்த உச்சரிப்பு எனக்கு இன்றும் கசக்கிறது. மில்லிகன் நம் ஊரில் வளர்ந்தவர், காது கூர்மையானது, எல்லாம் சரி. ஆனால் அதே மாதிரிக் குரலைப் பின்னாளில் எத்தனை பேர் பள்ளியிலும் அலுவலகத்திலும் நம்மவர்களைக் கிண்டல் செய்யப் பயன்படுத்தினார்கள். இதற்கான பதில் 1996-இல் பிபிசியின் ரேடியோ 4-லேயே வந்தது. சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கீர், நீனா வாடியா சேர்ந்து நடத்திய ‘குட்னெஸ் கிரேஷியஸ் மீ’. 1960-இல் செல்லர்ஸ் இந்திய டாக்டராகக் குரல் மாற்றி சோஃபியா லோரனுடன் பாடிய பாட்டின் பெயரையே எடுத்துத் தங்கள் நிகழ்ச்சிக்கு வைத்தார்கள். அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

செல்லர்ஸ் பற்றி இன்னொரு சம்பவம். 1948-இல் வாய்ப்புக் கிடைக்காமல் இருந்தபோது, பிரபல ரேடியோக்காரர் கென்னத் ஹார்னின் குரலில் ஒரு பிபிசி தயாரிப்பாளருக்குப் போன் செய்து, பீட்டர் செல்லர்ஸ் என்று ஒரு பையன் இருக்கிறான், அருமையாகச் செய்கிறான் என்று தன்னைத்தானே சிபாரிசு செய்துகொண்டார். பிறகு உண்மையை ஒப்புக்கொண்டார். வேலை கிடைத்தது.

அந்தக் கென்னத் ஹார்ன் நடத்தியதுதான் ‘ரவுண்ட் த ஹார்ன்’, 1965 முதல் 1968 வரை. என் மனதுக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது இது. ஹார்ன் அடிப்படையில் ஒரு தொழில் நிறுவன அதிகாரி. நிதானமான, மரியாதையான குரல். அவரைச் சுற்றி கென்னத் வில்லியம்ஸ், ஹ்யூ பாடிக், பெட்டி மார்ஸ்டன், பில் பெர்ட்வீ நான்கு பேரும் நாற்பது பேராக மாறுவார்கள். வில்லியம்ஸ் மூக்கால் இழுத்துப் பேசினால் ஒரு ஆள், அதையே தொண்டைக்குள் தள்ளினால் இன்னொரு ஆள். வாரம்தோறும் பாடிக்கும் வில்லியம்ஸும் ஜூலியன், சாண்டி என்ற இரண்டு நண்பர்களாக வந்து பொலாரி என்ற குழூஉக்குறி மொழியில் பேசுவார்கள். நாடகக்காரர்களும் தன்பாலீர்ப்பாளர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்ட மொழி அது. இங்கிலாந்தில் ஆணும் ஆணும் நேசிப்பது 1967 வரை சட்டப்படி குற்றம். அந்தக் காலத்தில், ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரத்தில், குடும்பமாக உட்கார்ந்து கேட்கும் ரேடியோவில் இந்த இருவரும் சந்தோஷமாக, கூச்சமில்லாமல், யாருக்கும் பயப்படாமல் வந்து போனார்கள். பாதிப் பேர் வெறும் வேடிக்கை மொழி என்று சிரித்திருப்பார்கள். இன்னும் சிலர் தங்கள் மொழி ரேடியோவில் ஒலிப்பதைக் கேட்டு அறையில் யாருக்கும் தெரியாமல் சிரித்திருப்பார்கள். ஹார்ன் அவர்களைப் பார்த்து ஒருமுறைகூட முகம் சுளிப்பதில்லை. சுளித்தால் குரலில் தெரிந்துவிடும். 1969 பிப்ரவரியில் அவர் இறந்ததும் நிகழ்ச்சியும் அதோடு முடிந்தது.

ரேடியோ நடிகர்கள் எப்படி நடிக்கிறார்கள் என்று நேரில் பார்க்கும் ஆசையில் லண்டன் ப்ராட்காஸ்டிங் ஹவுஸில் உள்ள ரேடியோ தியேட்டருக்கு ஒரு ஒலிப்பதிவுக்குப் போனேன். டிக்கெட் இலவசம், சீக்கிரம் போய் வரிசையில் நிற்க வேண்டும். மேடையில் வரிசையாக மைக்குகள். நடிகர்கள் வீட்டிலிருந்து வந்த உடையிலேயே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் முறை வரும்போது எழுந்து வந்து நின்றார்கள். கையில் ஸ்கிரிப்ட், பின் அடிக்காத தனித்தனித் தாள்கள். வாசித்த தாளைச் சத்தம் வராமல் கீழே நழுவ விடுவார்கள். அறையை விட்டு வெளியேற வேண்டும் என்றால் மைக்கிலிருந்து இரண்டு அடி பின்னால் போய் முகத்தைத் திருப்பினால் போதும். ஒரு நடிகை சிறு பெண்ணாகப் பேசும்போது குதிகாலை உயர்த்தி நின்றார். அடுத்த காட்சியில் கிழவியானதும் தோள் சரிந்தது. கேட்கப் போகிறவர்களில் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் உடம்பு வளையாமல் குரல் வளையவில்லை. ஓரமாக ஒருவர் சரளைக்கல் தட்டு, கதவுச் சட்டம், கோப்பை, கரண்டியுடன் நின்று எல்லா ஓசைகளையும் செய்தார். என் கண் பாதி நேரம் அவர்மேல்தான்.

புதிய தொடர்களில் ஜான் ஃபின்னிமோர் எழுதிய ‘கேபின் ப்ரெஷர்’ அவசியம் கேளுங்கள். 2008-இல் தொடங்கி 2014 கிறிஸ்துமஸ் சமயம் முடிந்தது. ஒரே ஒரு விமானம் வைத்திருக்கும் ஒரு சின்னக் கம்பெனி. முதலாளியம்மாவாக ஸ்டெஃபனி கோல், எல்லாம் தெரிந்த துணை விமானியாக ரோஜர் ஆலம், சம்பளமே வாங்காத கேப்டனாக பெனடிக்ட் கம்பர்பேட்ச், முதலாளியின் வெகுளி மகனாக ஃபின்னிமோர். ஊர்ப்பெயர்களே தலைப்பு, அபுதாபியில் தொடங்கி அகர வரிசையில் சூரிக் வரை. விமானத்துக்குள் நேரம் போகாமல் இவர்கள் விளையாடும் விளையாட்டுகளைக் கேட்கும்போது அந்த ஹான்காக் வீட்டு ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வரும்.

ஆங்கிலம் புரியுமோ என்று தயங்க வேண்டாம். ஹான்காக் மெதுவாகத்தான் பேசுவார், கேபின் ப்ரெஷர் இன்றைய ஆங்கிலம். ரவுண்ட் த ஹார்னை இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். கூன் ஷோவைக் கடைசியில் வையுங்கள், எனக்கு அது பிடிபட ஒரு வருடம் ஆனது. அதுவும் அந்தப் பாட்டியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரியாகத் தன் குரலில் திருப்பிச் சொன்னதால்.