ஐந்து வாரக் குழந்தைக்குப் பீய்ச்சியடிக்கும் வாந்தி

வணக்கம்ங்க. ஐந்து வாரப் பையன் பால் குடித்ததும் பீய்ச்சி வாந்தி எடுக்கிறான், அத்தை உரம் விழுந்திருக்குது (உடம்பு சுளுக்கிக்கொண்டது) என்கிறார், கோபிசெட்டிபாளையத்தில் யாரிடம் காட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உரம் எடுக்கப் போகவே வேண்டாம். உரம் எடுக்கிறேன் என்று பச்சைக் குழந்தையைக் குலுக்குவது ஆபத்து.

கடைவாயில் வழிகிற கக்கல் என்றால் நானே விடுங்கள் என்பேன். எட்டித் தெறிக்கிற வாந்தி, கக்கிய கையோடு மறுபடி பசித்து அழுவது, எடை ஏறாதது எல்லாம் சேர்ந்தால், இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் தடித்து அடைத்திருக்கலாம். 3 முதல் 6 வாரத்தில், ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம் வரும். வயிற்று ஸ்கேனில் தெரிந்துவிடும். முதலில் நீர்ச்சத்தையும் உப்பையும் சரிசெய்து, அப்புறம் சின்ன ஆபரேஷன்.

இன்றைக்கே ஈரோடோ கோவையோ, குழந்தைகள் அறுவை மருத்துவர் இருக்கிற இடமாகப் போய்விடுங்கள். வாந்தி பச்சையாக வந்தால் குடல் முறுக்காகவும் இருக்கலாம், நடுராத்திரி ஆனாலும் கிளம்ப வேண்டும். பையன் கடைசியாக எப்போது சிறுநீர் போனான்?