மறைவாக நோன்பிருக்கச் சொன்னார் இயேசு. பிறகு ஏன் கூட்டமாக?

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக்காலமான தவக்காலத்தைப் பங்கு மக்கள் எல்லாரும் சேர்ந்து அனுசரிப்பது என்று எங்கள் பங்குப் பேரவை முடிவெடுத்தது. முதல் வெள்ளி, இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதைக்குக் கோயில் கொள்ளவில்லை. நாலாவது வெள்ளி எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்து பேர், அத்தனை பேரும் வயதானவர்கள். இளைஞர்களைக் கேட்டால், “நோன்பை மறைவாகக் கடைப்பிடிக்கத்தானே இயேசு சொன்னார்? வீட்டிலேயே இருந்துகொள்கிறோம்” என்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகர், யாங்கோன்

பதில்: தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் திருப்பலிக்கு உங்கள் பிள்ளைகள் கொஞ்சம் முன்னதாகவே வந்திருந்தால் பதில் தெரிந்திருக்கும். அன்று, அவர்கள் சொல்லும் மறைவான நோன்பு வருகிற மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்துக்கு முன்பு, முதல் வாசகமாக யோவேல் 2ஆம் அதிகாரம் வருகிறது. எக்காளம் ஊதி நோன்பு அறிவிக்கச் சொல்கிறார் இறைவாக்கினர். கிழவர்களைக் கூட்டு, பிள்ளைகளைக் கூட்டு, பால்குடி மறவாத குழந்தைகளையும் கொண்டு வா, புது மாப்பிள்ளையும் பெண்ணும்கூட அறையை விட்டு வரட்டும் என்கிறார். இதற்கு மேல் பகிரங்கமான நோன்பு இருக்க முடியாது. இந்த வாசகத்தையும் ‘உள்ளறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொள்’ என்ற நற்செய்தியையும் திருச்சபை ஒரே திருப்பலியில் வைத்திருப்பது தெரியாமல் செய்த காரியமில்லை. திருப்பலியில் வாசிக்காமல் விடுகிற மத்தேயு 6இன் நடுப்பகுதியையும் அவர்களை வீட்டில் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆண்டவர் கற்றுத் தந்த செபம் அங்கேதான் இருக்கிறது. உள்ளறையில் தனியாக முழந்தாளிட்டிருப்பவனும் ‘எங்கள் தந்தையே’ என்றுதான் தொடங்க வேண்டும்.

இயேசு கண்டித்தது பிறர் பார்க்க வேண்டும் என்று முகத்தை வாட வைத்துக்கொள்வதை. பங்கில் அந்தக் குற்றம் நடந்தால் அதைத் திருத்துங்கள். சிலுவைப்பாதை முடிந்து கஞ்சி ஊற்றுகிற படத்தை ஃபேஸ்புக்கில் போடுவது, இந்த வாரக் கஞ்சி இன்னார் உபயம் என்று மைக்கில் சொல்வது, தவக்கால உண்டியலை யார் எவ்வளவு போட்டார் என்ற பட்டியலோடு திறப்பது, இவை மூன்றும் மத்தேயு 6க்கு நேர் விரோதம். உண்டியலை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, மொத்தத் தொகையையும் அது போன இடத்தையும் மட்டும் அறிவித்தால் போதும். சேர்ந்து நோன்பிருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. 2026இல் சாம்பல் புதனும் ரமலான் தொடக்கமும் ஒரே வாரம். நம் தெருவில் தமிழ் முஸ்லிம்கள் ஒன்றாக உட்கார்ந்து நோன்பு திறப்பதைப் பார்த்து, அது பகட்டு என்று யாராவது சொல்லியிருக்கிறோமா?

இனி, கூட்டம் ஏன் குறைந்தது என்பதைப் பார்ப்போம். அதற்கும் மத்தேயுவுக்கும் சம்பந்தமில்லை. சிலுவைப்பாதை நீண்டுபோகிறது. அதில் தனக்கென்று ஒரு வேலை இல்லாதவன் சும்மா நிற்கிறான். நாலாவது வாரம் அவன் வருவதில்லை.

நிலைகள் 14. ஒரு நிலைக்கு 3 நிமிடம் என்றால் 42 நிமிடம். முன்செபம், முடிவுச்செபம் சேர்த்து 50 நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆகிறதென்றால் ஒவ்வொரு நிலைச் சிந்தனையும் ஒரு பிரசங்கமாகிவிட்டது, அல்லது ஒரே சிந்தனையைத் தமிழிலும் பர்மியத்திலும் திருப்பி வாசிக்கிறீர்கள். இறைவார்த்தை தமிழில், சிந்தனை பர்மியத்தில் என்று பிரித்துவிடுங்கள். தமிழ் பேசத் தெரிந்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பதிலுரைகளைப் பர்மிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். அவர்கள் வாய் திறப்பார்கள்.

பெரிய வெள்ளியை விட்டால் தவக்காலத்தில் ஆறு வெள்ளி. ஆறு பதினாலு எண்பத்து நாலு. அந்த 84 வாசிப்புக்கும் சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறே பெயர் எழுதி, கோயில் வாசலில் ஒட்டிவிடுங்கள். நாலாம் வெள்ளி ஒன்பதாம் நிலை தன்னுடையது என்று தெரிந்த பையன் வருவான், அவன் அம்மாவும் வருவாள். நன்றாக வாசிக்கிற நாலு பேரிடமே மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் நம் பங்குகளில் நடக்கிற பெரிய தவறு.

பிற்பகல் 3 மணிக்கு வைக்காதீர்கள். பெரிய வெள்ளிக்கு அந்த நேரம் பொருந்தும். மற்ற வெள்ளிகளில் வேலைக்குப் போகிறவர்களால் வர முடியாது, மார்ச் மாத வெயிலில் முதியவர்களாலும் முடியாது. யாங்கோனில் அப்போது சூரியன் மறைவது 6.10, 6.15க்கு. மாலை 5.30க்குத் தொடங்கினால் மின்சாரம் போனாலும் வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம்.

முடிந்ததும் கஞ்சி. 100 பேருக்குப் பர்மியப் படி அளவில் 3 பியி அரிசி, அதாவது 24 பால்டப்பா, 1 விஸ் (சுமார் 1.6 கிலோ) பாசிப்பருப்பு, 65 லிட்டர் தண்ணீர். பருப்பை வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெரிய அண்டாவில் வைத்தால் மேலே வேகுமுன் அடி பிடித்துவிடும். இரண்டு அண்டாவில் வையுங்கள். நேரமாக ஆகக் கஞ்சி இறுகும், ஆகவே 10 லிட்டர் வெந்நீர் தனியாக இருக்கட்டும். தேங்காய்ப்பால் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பிறகு சேர்க்க வேண்டும். காலையிலேயே ஆக்கி வைத்தால் இந்தச் சூட்டில் மாலைக்குள் புளித்துவிடும். 4 மணிக்கு அடுப்பு மூட்டினால் போதும். தொட்டுக்கொள்ள ஒரு துவையல், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஒரு வீட்டார் வடை போட்டால் அடுத்த வாரம் அடுத்த வீட்டார் பாயசம் வைப்பார்கள். மூன்றாவது வாரம் வசதியில்லாத குடும்பம் ஒதுங்கிக்கொள்ளும். அன்று வீட்டில் சமைக்காததால் மிச்சமான காசு உண்டியலுக்குப் போகட்டும். சாம்பல் புதனுக்கு அடுத்து வரும் வெள்ளியின் வாசகம் எசாயா 58. பசித்தவனோடு உணவைப் பகிராத நோன்பு நோன்பே இல்லை என்று அது சொல்கிறது.

சட்டத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இதில் குழப்பம் அதிகம். ஒருசந்தி கட்டாயமாக இருக்கும் நாள்கள் இரண்டே: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர்கள் 59 நிறையும்வரை ஒரு வேளை முழுச்சாப்பாடும், மற்ற இரு வேளை சிறிதளவும் உண்ணலாம். அந்தச் சிறிதளவு இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச்சாப்பாடு ஆகக்கூடாது. சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்த்தல், 14 வயது முதல். அதற்கு மேல்வயது வரம்பு இல்லை. மீன்குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவில் இருப்பது மீன், ஆகவே தடையில்லை. மேலே போடுகிற முட்டைக்கும் தடையில்லை. மீன், இறால் விழுதான ஙப்பியும் அப்படியே. தேங்காய்ப்பால் நூடுல்ஸான ஓன்னோ கவ்சுவேயில் கோழி இருப்பதால் சுத்தபோசன நாளில் வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வெயிலில் சுமை தூக்குகிறவர்கள் ஒருசந்தி இருக்க வேண்டியதில்லை. இதைப் பங்குத்தந்தை பீடத்திலிருந்தே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நம் பாட்டிமார்கள் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் பட்டினி கிடந்து மயங்கி விழுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் தவக்காலத்தின் நாற்பது நாளில் சேர்த்தியில்லை.

பாவசங்கீர்த்தனத்தைப் பரிசுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஆளுக்கு 3 நிமிடம் என்றால் 100 பேருக்கு ஒரு குருவானவர் 5 மணி நேரம் உட்கார வேண்டும். மூன்று பேர் வந்தால் ஒன்றே முக்கால் மணியில் முடியும். மற்ற பங்குகளிலும் குருக்களுக்கு வேலை குறைவாக இருக்கும் நாலாவது வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்த ஒரு குருவையாவது இரண்டாம் வாரமே கேட்டு உறுதி செய்துவிடுங்கள். எழுபது வயது அம்மா தன் பாவத்தை எந்த மொழியில் நினைத்து அழுகிறாரோ அந்த மொழியில் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

சாம்பல் புதனன்று நெற்றியில் இடும் சாம்பலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய குருத்தோலைகளில் கட்டிய ரிப்பன், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரும்புச் சட்டியில் எரித்து, மெல்லிய துணியில் சலியுங்கள். நெற்றியில் ஒட்டவேண்டுமென்று தண்ணீர் விட்டுக் குழைக்காதீர்கள். சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் காரமாகித் தோலைப் புண்ணாக்கும். உலர்ந்தபடியே இடலாம், அல்லது ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

கடைசியாகத் திஞ்சான், அதாவது பர்மியப் புத்தாண்டு விழா. உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) ஏப்ரல் நடுவில் வரும் ஆண்டுகளில் பரிசுத்த வாரமும் தண்ணீர்த் திருவிழாவும் மோதும். 2025இல் குருத்து ஞாயிறு ஏப்ரல் 13, திஞ்சானின் முதல் நாள். 2028இல் பெரிய வியாழன் ஏப்ரல் 13, அடுத்த நாள் பெரிய வெள்ளி. அந்த நாள்களில் சந்தை அடைத்திருக்கும், பஸ் சரியாக ஓடாது, கோயிலுக்கு வருகிறவர்கள் வழியில் நனைந்துதான் வருவார்கள். குருத்தோலை, மெழுகுவர்த்தி, கஞ்சிக்கு அரிசி எல்லாம் 10ஆம் தேதிக்குள் கோயிலில் இருக்கட்டும். பெரிய வெள்ளி வழிபாட்டை 3 மணிக்குத்தான் நடத்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. மக்கள் நலனுக்காகப் பிந்திய நேரத்தில் வைக்கத் திருச்சபை அனுமதிக்கிறது. தெருவில் தண்ணீர் ஓய்ந்த பிறகு, 6.30க்கு வையுங்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும். ஏப்ரல் நடுவில் இரவு 7 மணிக்குத் தொடங்கலாம். இரவில் வீடு திரும்புவது கடினம் என்றால் பழைய ஏற்பாட்டு வாசகங்களை ஏழிலிருந்து மூன்றாகக் குறைக்கலாம், செங்கடலைக் கடந்த விடுதலைப் பயண வாசகத்தை மட்டும் விடக்கூடாது. அந்த வாசகத்தை இப்போதே ஓர் இளைஞனிடம் கொடுத்துப் பழகச் சொல்லுங்கள்.