கீபோர்டு பழக வரும் சின்னப் பிள்ளைகளுக்குக் கருப்புக் கட்டைப் பாட்டுகளில் தொடங்கலாமா?

"மதுரையில் கோடை விடுமுறை கீபோர்டு வகுப்பு எடுக்கிறேன். ஆறிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகள், 61 கட்டை கீபோர்டு. மூன்றாவது வாரமே சலித்துவிடுகிறார்கள். கருப்புக் கட்டைகளில் மட்டும் வாசிக்கும் பாட்டுகளில் தொடங்கினால் ஆர்வம் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். ஆனால் என்ன பாட்டு, எத்தனை வாரம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வெள்ளைக் கட்டைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். கருப்பு இரண்டு, மூன்று என்று கூட்டமாக நிற்பதால் கண்ணை மூடித் தடவினாலும் இடம் தெரியும். இதற்காகவே மேல்நாட்டுத் தொடக்கப் புத்தகங்கள் பலவும் கருப்பில் ஆரம்பிக்கின்றன. நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. நாலரைக் கட்டையை, அதாவது மூன்று கருப்புக் கூட்டத்தின் முதல் கட்டையான எஃப் ஷார்ப்பை, ஸ என்று வைத்துக்கொண்டு கருப்பை மட்டும் தொட்டால் ஸ ரி க ப த வரும். மோகன ராகம்! முல்லைப்பண் என்று இசை ஆய்வாளர்கள் சொல்வதும் இதைத்தான். அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு நடுவே அரைச்சுர இடைவெளி (கருப்பு, வெள்ளை எதுவானாலும் ஒட்டிய அடுத்த கட்டைக்கு உள்ள தூரம்) எங்கும் இல்லை. அதனால் பிள்ளை தவறான கட்டையைத் தொட்டாலும் காதைக் குத்தாது. முதல் நாளே பாட்டு மாதிரி ஏதோ ஒன்று வந்துவிடும்.

கருப்புக் கட்டைகளின் பெயர்களை, இரண்டு கருப்புக் கூட்டத்தில் தொடங்கி வலப்பக்கமாக, ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என்றே சொல்லுங்கள். மூன்றரையும் ஏழரையும் எங்கே என்று யாராவது கேட்பார்கள். ஈ-எஃப் நடுவிலும் பி-சி நடுவிலும் கருப்பு இல்லை என்பதை அப்போதே காட்டிவிடலாம். (ஏழரை இல்லை என்பதில் பெற்றோருக்கும் நிம்மதி.)

பாட்டுக்கு ஆங்கில ரைம்ஸைத் தேடி அலைய வேண்டாம். வாய்ப்பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு 'வரவீணா' கீதம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதன் முதல் வரி: க க ப , ப , த ப ஸ , ஸ ,. (கமா வந்தால் சுரத்தை நீட்ட வேண்டும்.) எல்லாமே கருப்பு. ஒரே கையில் வாசிக்கச் சொல்லாதீர்கள். ஆறரையிலிருந்து மேல் நாலரை வரை எட்டு அரைச்சுரம், சின்னக் கை எட்டாது. மூன்று கருப்புக் கூட்டத்தை இடது கையின் 4, 3, 2 விரல்களுக்குக் கொடுங்கள் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5). மேலே உள்ள இரண்டு கருப்பையும் அதற்கடுத்த மேல் ஸவையும் வலது கையின் 2, 3, 5 பார்த்துக்கொள்ளும். அடுத்த வரி மேல் ரியில் தொடங்குவதால் கை நகர வேண்டும். அதை இரண்டாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ரைம்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், 'மேரி ஹேட் எ லிட்டில் லேம்ப்' கருப்பிலேயே முடியும்: க ரி ஸ ரி க க க, ரி ரி ரி, க ப ப. 'ஹேப்பி பர்த்டே', 'ட்விங்கிள் ட்விங்கிள்' இரண்டும் முடியாது. இரண்டிலும் ம வருகிறது. இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். வீட்டில் யாராவது பிறந்தநாளுக்கு வாசிக்கச் சொல்லி, பாதியில் கட்டை கிடைக்காமல் பிள்ளை அழுதால் அன்றோடு வகுப்பு போச்சு.

பாட்டை இரண்டு கைகளும் எடுத்துக்கொள்வதால், கீழே நாலரையும் ஒன்றரையும் சேர்த்து, தம்புரா போல, நீங்களோ இன்னொரு பிள்ளையோ பிடிக்கலாம். சித்திரைத் திருவிழா சமயம் என்றால் ஒருவர் அடியில் உள்ள இரண்டு கருப்பில் மேளம்போல் தட்ட, மற்றவர் மேலே இஷ்டத்துக்கு வாசித்து அழகரை ஆற்றில் இறக்கட்டும். பத்து நிமிடம் வகுப்பே கலகலப்பாகிவிடும்.

கெடுவது பெரும்பாலும் உட்காரும் விதத்தில். கீபோர்டைக் கட்டிலிலோ தரையிலோ வைத்தால் மணிக்கட்டு தொங்கும். விரல் கருப்பின் நுனியை மட்டும் பிடித்து வழுக்கும். முழங்கை, கட்டையின் உயரத்தில் இருக்க வேண்டும். கருப்பின் மேற்பரப்பு ஒரு சென்டிமீட்டர் அகலம்தான். மதுரை வெயிலில் வியர்த்த விரல் நிற்காது, பக்கத்தில் ஒரு பருத்தித் துணி வையுங்கள். கட்டைவிரலை இப்போதைக்குக் கருப்பில் விடாதீர்கள், கை முறுகும். ஒற்றை விரலால் குத்தும் பழக்கத்தை முதல் வாரமே நிறுத்துங்கள். சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் எல்லாக் கீபோர்டிலும் 0-வில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் மாறியிருந்தால் சேர்ந்து வாசிக்கும்போது அபசுரம், ஏனென்று புரியாமல் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

மூன்றாவது வாரச் சலிப்புக்கு மருந்து கிரக பேதம். அதே ஐந்து கட்டைதான், ஸ மட்டும் மாறும். ஐந்தரையில் ஸ வைத்தால் மத்தியமாவதி ராகம். ஆறரையில் ஹிந்தோளம். ஒரே கட்டைகளிலிருந்து வேறு மனநிலை வருவது பிள்ளைகளை அசத்தும். ஹிந்தோளத்தில் ஒரு சிக்கல் உண்டு: அந்த ராகத்தில் ப கிடையாது, ஆறரையின் ப வெள்ளைக் கட்டையில் விழும். தம்புராவுக்கு ஸ-ப பிடிக்காமல் ஆறரையும் இரண்டரையும், அதாவது ஸ-ம, பிடியுங்கள். கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, சாதாரணக் கட்டையில் வராது என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இந்தக் கட்டத்தில் ஸ்டாஃப் நோட்டேஷன், அதாவது ஐந்து கோட்டு மேல்நாட்டு இசைக் குறிப்பு, வேண்டாம். எஃப் ஷார்ப் மேஜருக்கு ஆறு ஷார்ப், பார்த்தாலே பிள்ளை ஓடிவிடும். விரல் எண்ணும் சுர எழுத்தும் போதும்.

நாலு வாரத்துக்கு மேல் கருப்பிலேயே நிறுத்தி வைக்காதீர்கள், பிறகு வெள்ளை அந்நியமாகிவிடும். ஐந்தாவது வாரம் அதே வரவீணாவை ஒரு கட்டைச் சுருதிக்கு, அதாவது சி-க்கு, மாற்றுங்கள். இரண்டு கருப்புக் கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டி இருப்பது சி. அதுதான் இனி ஸ. சி, டி, ஈ, ஜி, ஏ. நடுவில் எஃப்பைத் தாண்டிப் போக வேண்டும். யாராவது ஒருவர் விரல் தவறி அதில் படுவார், உடனே மோகனம் கெட்டது காதிலேயே தெரியும். அது என்ன சுரம் என்று கேட்டால், ம என்று சொல்லி 'ட்விங்கிள் ட்விங்கிள்' எடுத்துவிடுங்கள்.